பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்: சிறு இணையதள வடிவமைப்பில் பெயரிடும் நெறி

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில் இராசபாளையத்தைக் கடந்து, வாசுதேவநல்லூரை எட்டுவதற்கு முன், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது சிவகிரி. சிவன், கிரி என்னும் இரு சொற்களும் வெளிப்படையாகத் தெரிவதால் இவ்வூர்ப் பெயரின் காரணத்தைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஆயினும் இப்பெயர் இவ்வூருக்கு மட்டுமே உரியதன்று. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிவகிரி உண்டு. கேரளத்தில் வர்க்கலையை அடுத்து, நாராயண குருவின் சமாதி அமைந்த சிவகிரி உண்டு. எனவே மடல் எழுதுவோர் முன்னர் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று சேர்த்தெழுதினர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின்னர் 'தென்காசி மாவட்டம்' என்று சேர்த்தெழுதுகின்றனர். ஒரு பெயர் எந்த எல்லைக்குள் ஒன்றனையே சுட்டும், எந்த எல்லையைக் கடந்தால் பலவற்றைச் சுட்டும் என்னும் வினா இங்கே எழுகின்றது. கணினித் திரையில் ஓர் இணையதளத்தை வடிவமைப்போரும் இதே வினாவை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர் என்பதை நாம் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம்.

தமிழ்த்துறை மாணவர் சிலர், சிவகிரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த ஊர்ப்பெயர்கள், அருவிப் பெயர்கள் ஆகியவற்றைத் தொகுத்து ஒன்பது பக்கங்கள் கொண்ட சிறு தளம் ஒன்றை அமைத்தனர். செய்திகளில் பெரும்பகுதியை வழங்கியவர் சிவகிரியைச் சேர்ந்த முதியவர் ஒருவர். தளம் முடிந்ததும் அவரிடமே முதலில் காட்டினோம். அவர் நெடுநேரம் திரையை நோக்கிவிட்டு, "எழுத்து தெரியவில்லை, தம்பி, கொஞ்சம் பெரிதாக்கித் தாருங்கள்" என்றார். பத்து நிமிட வேலை என்று நாம் எண்ணினோம். இரண்டு வாரமாயிற்று. அத்தாமதத்திற்குக் காரணம் தொழில்நுட்ப அறியாமை என்பதைவிடப் பெயரிடுதலில் நேர்ந்த பிழை என்பதே பொருந்தும். அப்பெயர்களைச் சரி என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டவர்கள் நாமே ஆதலின், மாணவரைக் குறை கூறுவதற்கில்லை.

பாணித்தாள் என்பது யாது?

இணையப் பக்கம் ஒன்றில் உரையும் அதன் தோற்றமும் தனித்தனியே வைக்கப்படுகின்றன. உரை, ஹெச்.டி.எம்.எல். கோப்பில் இருக்கும். அவ்வுரை எந்நிறத்தில், எவ்வளவில், எவ்விடத்தில் தோன்ற வேண்டும் என்னும் விதிகள் சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாளில் இருக்கும். விதிக்கும் உரைக்கும் பாலமாக அமைவன பெயர்கள். அவை இருவகை. ஐ.டி. என்பது ஒரு பக்கத்தில் ஒரே ஓர் உறுப்புக்கு மட்டும் இடப்படும் பெயர். கிளாஸ் என்பது ஓரினமாகிய பல உறுப்புகளுக்கும் பொதுவாக இடப்படும் பெயர். ஓர் உறுப்பு ஒரே ஐ.டி.யையே பெறும், கிளாஸ் எத்தனை வேண்டுமாயினும் பெறலாம்.

பாணித்தாளுக்கான முதற்கருத்தை 1994 அக்டோபரில் ஹோக்கன் வியூம் லீ என்பார் வெளியிட்டார். அப்போது அவர் ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றினார். பின்னர் பெர்ட் போஸ் என்பாரும் இணைந்து உழைக்க, 1996 டிசம்பரில் அதன் முதல் வடிவம் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது.

தமிழுக்கு இப்பிரிவினையின் அருமை பிறரைக் காட்டிலும் மிகுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வெளிவந்த தமிழ் இணையப் பக்கங்களில் எழுத்துருவின் பெயரை உரையினூடே எழுதி வைப்பதே வழக்கம். டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள் வழங்கின. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு அவற்றுள் டாம், டாப் ஆகியவற்றைத் தரப்படுத்த முனைந்தது. ஒரே எழுத்துக்கு ஒரு குறியேற்றத்தில் ஓர் எண், மற்றொன்றில் வேறோர் எண். உரிய எழுத்துரு வாசகர் கணினியில் இல்லையேல் கம்பனும் உமறுப் புலவரும் உரோமன் எழுத்துச் சிதறல்களாகவே தோன்றினர். எழுத்துரு என்பது தோற்றத்தைச் சார்ந்தது. ஆனால் அதன் பெயரே பொருளையும் தாங்கி நின்றது. பெயர் போனால் பொருளும் போயிற்று. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் தம் மின்னூல்களைப் பின்னாளில் யூனிக்கோடுக்கு மாற்றும் பெரும்பணியை மேற்கொள்ள நேர்ந்தது. தோற்றத்தையும் பொருளையும் ஒரே பெயரில் கட்டி வைத்ததன் விலையைத் தமிழ் இணையம் அவ்வாறு ஒருமுறை செலுத்தியுள்ளது. நம் ஒன்பது பக்கத் தளம் அதே விலையை மிகச் சிறு அளவில் மீண்டும் செலுத்தியது.

நன்னூலார் வகுத்த நால்வகை

பெயர்களை இடுகுறி, காரணம் என்றும், பொது, சிறப்பு என்றும் பகுத்து நோக்கும் முறையை நன்னூலில் பயின்றுள்ளோம். மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். பலா என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை என்பது காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி என்பது காரணச் சிறப்புப்பெயர். தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் இப்பகுப்பு, பாணித்தாளின் முன் அமர்ந்தபோது புதிய பொருளுடன் எமக்குத் தோன்றியது. கிளாஸ் என்பது பொதுப்பெயர்; ஐ.டி. என்பது சிறப்புப்பெயர். இவ்வொப்புமை முற்றிலும் பொருந்துவதன்று. பலா என்பது உலகிலுள்ள எல்லாப் பலாவுக்கும் உரியது, ஐ.டி.யோ ஒன்றற்கே உரியது. எனினும் முதற்படியில் மாணவர் மயக்கத்தைத் தீர்க்க இது போதும்.

சிறப்புப்பெயரின் எல்லை ஒரு பக்கமே என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 'சிவகிரி' என்னும் ஐ.டி. ஒரு பக்கத்தில் ஒருமுறைதான் வரலாம். அடுத்த பக்கத்தில் அதே பெயர் வேறோர் உறுப்பைச் சுட்டினும் தவறில்லை. தென்காசி மாவட்டத்துச் சிவகிரியும் ஈரோடு மாவட்டத்துச் சிவகிரியும் தத்தம் எல்லைக்குள் இருப்பதைப் போன்றதே இது.

நம் மாணவர் செய்த முதற்பிழை இங்கேதான் நேர்ந்தது. ஒன்பது பக்கங்களுக்கும் ஒன்பது சிறப்புப்பெயர்களை இட்டு, ஒவ்வொன்றின்கீழும் எழுத்தின் அளவைத் தனித்தனியே விதித்திருந்தனர். எழுத்தைப் பெரிதாக்கும்படி முதியவர் கேட்டபோது, 'உரை' என்னும் பொதுப்பெயரின்கீழ் ஒரே இடத்தில் அளவைக் கூட்டினோம். எப்பக்கத்திலும் யாதொரு மாற்றமும் தோன்றவில்லை. காரணம் எளிது. இரு விதிகள் முரணுமிடத்து உலாவி அவற்றின் வலிமையை ஒப்பிடுகின்றது. முதலில் ஐ.டி.களின் எண்ணிக்கை, அது சமமாயின் கிளாஸ்களின் எண்ணிக்கை, அதுவும் சமமாயின் உறுப்புப் பெயர்களின் எண்ணிக்கை, எல்லாம் சமமாயின் பின்னர் எழுதப்பட்ட விதி என்பது அதன் வரிசை. ஆதலால் ஒரே ஓர் ஐ.டி.யைக் கொண்ட விதி, பல கிளாஸ்களை அடுக்கி எழுதிய விதியையும் வெல்லும். பொது விதியைச் சிறப்பு விதி மறுத்தல் இலக்கண மாணவர்க்குப் புதியதன்று. புறனடை எழுதிய ஆசிரியர்கள் அறிந்ததே. ஒன்பது புறனடைகளை எழுதிவிட்டுப் பொது விதியைத் திருத்தினால் பயன் விளையுமா?

மாணவர் ஒருவர் 'முக்கியம்' என்னும் வலிமைக் குறியை அவ்விதியோடு சேர்த்தார். உரை பெரிதாயிற்று. ஆனால் அப்பெயரையே தாங்கியிருந்த அடிக்குறிப்புகளும் அதே அளவுக்குப் பெருத்தன. அவற்றைச் சிறிதாக்க மற்றொரு 'முக்கியம்', அதை அடக்க வேறொன்று என்று மூன்று நாட்கள் கழிந்தன. இக்குறியை நாடும் நிலை வந்தாலே பெயர் வரிசையில் எங்கோ பிழை உள்ளது என்று கொள்ளலாம் என்பது எம் கருத்து.

அப்படியாயின் ஐ.டி. வேண்டாமா எனின், வேண்டும்; தோற்றத்திற்கன்று. முகவரியின் இறுதியில் அப்பெயரைச் சேர்த்தால் உலாவி நேரே அவ்விடத்திற்குச் செல்லும். படிவத்தில் ஒரு கட்டத்தை அதன் விளக்கச் சொல்லோடு பிணைப்பதற்கும் அது உதவும். பிறர் அம்முகவரியைக் குறித்து வைத்திருப்பர் ஆதலின், ஒருமுறை இட்ட ஐ.டி.யை மாற்றுதல் கொடுத்த வாக்கை மாற்றுதலாகும். வாசுதேவநல்லூரை அடுத்துள்ள, பூலித்தேவரால் புகழ்பெற்ற ஊரை நெற்கட்டுஞ்செவல் என்றும் நெற்கட்டான்செவல் என்றும் வழங்குகின்றனர். மாணவருள் ஒருவர் உறுப்புக்கு முதல் வடிவத்தை இட, மற்றொருவர் இணைப்புக்கு இரண்டாம் வடிவத்தை எழுதினார். இரண்டும் ஓரூரே என்பதை நாம் அறிவோம், கணினி அறியாது. எவ்வடிவம் சரியானது என்னும் ஆய்வு வரலாற்றுத் துறைக்கு உரியது. ஐ.டி.க்கு வேண்டுவது இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்து, அதனையே எங்கும் எழுதுதல்.

எதனால் பெயர் வைப்பது?

இனி, பெயரின் காரணத்தை நோக்குவோம். பெயர்ச்சொல் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் ஆகிய ஆறன் அடியாகப் பிறக்கும் என்பது நாம் பயின்றது. குற்றாலத்து அருவிகளைக் கொண்டே இதனை விளக்கலாம். பேரருவி, சிற்றருவி ஆகியன அளவாகிய பண்பினால் வந்தவை. ஐந்தருவி எண்ணிக்கையால் வந்தது. பழைய குற்றாலம் காலத்தைச் சுட்டுகின்றது. செண்பகாதேவி அருவி, அங்குள்ள கோயிலால் பெயர் பெற்றது. சாரல் காலத்தில் வெள்ளம் பெருகும்போது ஐந்தருவியில் ஐந்தை எண்ணிக் காண்பது எளிதன்று. எனினும் எவரும் அன்று அதன் பெயரை மாற்றுவதில்லை.

நம் மாணவர் இட்ட பெயர்களையும் இவ்வாறே வகைப்படுத்தினோம். அறுபத்து மூன்று பெயர்களில் பாதிக்கு மேற்பட்டவை குணத்தாலும் இடத்தாலும் வந்தவை: 'சிவப்பு', 'பெரியது', 'இடப்பக்கப்பெட்டி', 'மேல்வரி'. சில காலத்தால் வந்தவை: 'புதுத்தலைப்பு', 'புதுத்தலைப்பு2', 'கடைசித்தலைப்பு'. ஊர்ப்பெயரின் பழைய வடிவத்தைக் காட்டும் சொற்கள் 'சிவப்பு' என்னும் பெயரைத் தாங்கின. சிவந்த சொல்லைக் கண்டோர் அச்சுப்பிழை என எண்ணியதால் அந்நிறத்தைக் காவியாக்கினோம். அன்றுமுதல் 'சிவப்பு' என்னும் பெயர் காவி நிறத்தைச் சுட்டி நின்றது. 'இடப்பக்கப்பெட்டி' கைப்பேசியின் குறுகிய திரையில் பக்கத்தின் அடிக்கு இறங்கிற்று. பெயர் மட்டும் இடப்பக்கத்திலேயே நின்றது.

இதனால் வரும் கேடு என்ன என்று ஒருவர் வினவலாம். நம் ஊர்களில் பாட்டன் காலத்துத் தெருவும் 'புதுத்தெரு' என்றே வழங்குகின்றது. எவரும் வழி தவறுவதில்லையே? உண்மை. ஆனால் அத்தெருவின் வரலாற்றைச் சொல்வதற்குத் திண்ணையில் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். கோப்பின் அருகில் எவரும் அமர்ந்திருப்பதில்லை. தளத்தை அமைத்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர். ஒருவர் வளைகுடா நாட்டில் பணியிலுள்ளார். அவரைத் தொலைபேசியில் அழைத்துக் 'கடைசித்தலைப்பு' எதனைக் குறிக்கிறது என்று கேட்டபோது, அவருக்கே நினைவில்லை. அடுத்த ஆண்டு மாணவர் அப்பெயரை நீக்க அஞ்சி, அதனை அப்படியே விட்டு, அதன்கீழ் மற்றொன்றைச் சேர்த்தனர். பெயர்கள் பெருகியதன் வரலாறு இதுவே.

எனவே தொழிலாலும் பொருளாலும் பெயரிடுக என்று மாணவர்க்குக் கூறினோம். 'சிவப்பு' என்பது 'பழையவடிவம்' ஆயிற்று. 'இடப்பக்கப்பெட்டி' என்பது 'துணைச்செய்தி' ஆயிற்று. நிறம் எதுவாயினும், இடம் எதுவாயினும், அவ்வுறுப்பு செய்யும் தொழில் மாறாத வரை பெயரும் பொய்யாகாது. உலகெங்கும் வடிவமைப்போர் தாமாகவே இவ்வழியை நாடினர் என்பதற்குச் சான்று உண்டு. 2005ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தில் இயன் ஹிக்சன் என்பார் நூறு கோடிக்கும் மேற்பட்ட பக்கங்களை ஆராய்ந்து, எப்பெயர்கள் மிகுதியாக இடப்பட்டுள்ளன என்று கணித்தார். அடிப்பகுதி, வழிச்செலுத்தம், தலைப்பகுதி ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்கள் முன்னணியில் நின்றன. பின்னர் வந்த ஐந்தாம் ஹெச்.டி.எம்.எல். இவற்றைத் தனி உறுப்புகளாகவே ஏற்றுக்கொண்டது. வழக்கு முந்தியது, விதி பிந்தியது. இலக்கியம் கண்டு இலக்கணம் இயம்புதல் இவ்வகையிலும் நிகழ்ந்துள்ளது.

மாற்றுக் கருத்தினரும் உளர். 2017இல் வெளிவந்த டெயில்விண்ட் என்னும் தொகுப்பு, தோற்றத்தையே பெயராக்கி, ஓர் உறுப்புக்குப் பத்துப் பெயர்கள் வரை அடுக்கும் முறையைப் பரப்பியது. உறுப்புகளை ஒருமுறை வார்த்து நூறு இடங்களில் பயன்படுத்தும் பெருந்தளங்களில் அது நன்கு பயன்படுகின்றது. கையால் எழுதி, ஆண்டுதோறும் கைமாறும் ஒன்பது பக்கங்களுக்கு அது ஏற்றதன்று என்பதே எம் துணிபு.

தொகைநிலையாக அமையும் பெயர்கள்

உருசிய நாட்டின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் தோன்றிய 'பெம்' என்னும் முறை தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. ஒரு முழு உறுப்பை முதலாகக் கொண்டு, அதன் பகுதியைச் சினையாகவும், அதன் வேறுபாட்டைப் பண்பாகவும் பெயரிலேயே காட்டுவது அம்முறை. ஊரைப் பற்றிய செய்திக் கட்டம் 'ஊரட்டை' எனின், அதன் தலைப்பு 'ஊரட்டை__தலைப்பு' எனப்படும். அடிக்கோடு இரண்டும் ஆறாம் வேற்றுமை உருபின் இடத்தில் நிற்பதைக் காண்க: ஊரட்டையினது தலைப்பு. மலையடிவாரத்து ஊர்களுக்குரிய அட்டை 'ஊரட்டை--மலையடி' எனப்படும். இரு சிறுகோடுகளும் பண்பைச் சேர்க்கின்றன. இதனால் அருவிப் பக்கத்துத் 'தலைப்பு' ஊர்ப் பக்கத்துத் 'தலைப்பை'க் கெடுப்பதில்லை. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இவ்வாறே நீட்டினால் பெயர் நெடுந்தொகையாகிவிடும். முதலும் சினையும் போதும். சினைக்குச் சினை வேண்டா.

தமிழில் பெயரிடலாமா?

ஆம், பாணித்தாளின் விதிகள் தமிழ் எழுத்துகளை ஏற்கின்றன. ஆங்கிலத்தில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் மாறினால் வேறு பெயராகிவிடும் என்னும் தொல்லையும் தமிழில் இல்லை. ஆயினும் பெயரின் நடுவே இடைவெளி வருதல் கூடாது. வரின் இரு பெயர்களாகக் கொள்ளப்படும். எண்ணில் தொடங்கும் பெயரைப் பாணித்தாள் நேரே ஏற்காது. '5அருவி' என்று எழுதிய மாணவர் விதி இயங்காமல் திகைத்து, 'ஐந்தருவி' என்று மாற்றிய பின்னரே தெளிந்தார்.

இவற்றினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. யூனிக்கோடில் 'பொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உலாவியோ வடிவத்தைப் பாராது, குறியெண்களையே ஒப்பிடும். பாணித்தாளில் ஒருவகையாகவும் பக்கத்தில் மற்றொரு வகையாகவும் எழுதப்பட்டால், கண்ணுக்கு ஒன்றாகிய பெயர் கணினிக்கு இரண்டாகும். எமக்கு இது நேர்ந்தது 'பொது' என்னும் பெயரில்தான் என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகின்றது. எல்லார்க்கும் பொதுவாக வேண்டிய பெயர் எவர்க்கும் பொதுவாகவில்லை. பழைய குறியேற்றத்திலிருந்து மாற்றிய கோப்பு ஒன்றிலிருந்து அச்சொல்லை ஒருவர் படியெடுத்து ஒட்டியிருந்தார். 'ொ', 'ோ', 'ௌ' மூன்றிலும் இவ்வாய்ப்பு உண்டு. இம்மூன்றும் வாராத சொற்களைத் தேர்தல், அல்லது எல்லாப் பெயர்களையும் ஒரே விசைப்பலகையால் ஒருவரே தட்டுதல், இரண்டனுள் ஒன்றைக் கைக்கொள்ளலாம்.

மீண்டும் செய்தபோது

அறுபத்து மூன்று பெயர்களையும் தாளில் எழுதி, நீளமான மேசையில் பரப்பி, ஒரு பிற்பகல் முழுதும் அமர்ந்தோம். ஒரே தொழில் செய்வனவற்றை ஒன்றாக்கினோம். எப்பக்கத்திலும் இல்லாத உறுப்புகளைச் சுட்டிய பெயர்கள் பதினொன்றை நீக்கினோம். தோற்றத்திற்காக இட்ட ஐ.டி.கள் அனைத்தையும் பொதுப்பெயராக்கினோம். எஞ்சியவை இருபத்து நான்கு. நிறங்களுக்கு மட்டும் தோற்றத்தாலேயே பெயரிட்டு, பாணித்தாளின் தலைப்பில் மாறிகளாக வைத்தோம். 'காவி' என்னும் மாறியை எடுத்துப் 'பழையவடிவ நிறம்' என்னும் மாறிக்கு வழங்கி, விதிகளுள் பின்னதையே எழுதினோம். நிறத்தை மாற்ற விரும்புவோர் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இருபத்து நான்கு பெயர்களையும் அவற்றின் தொழிலையும் ஒவ்வொரு வரியாக எழுதிய பட்டியல், பாணித்தாளின் தொடக்கத்திலேயே குறிப்பாக அமைந்துள்ளது. துறையின் பதிவேட்டிலும் அதன் படி ஒன்று ஒட்டப்பட்டுள்ளது.

அதன்பின் 'உரை'யின் அளவை ஒரே இடத்தில் கூட்டினோம். ஒன்பது பக்கங்களும் ஒருசேர மாறின. அடிக்குறிப்புகள் தம் அளவிலேயே நின்றன. முதியவர் அவற்றை முழுதும் படித்துவிட்டுத் தம் ஊரைப் பற்றிய குறிப்பில் இரண்டு பிழைகளைச் சுட்டினார். முதல்முறை காட்டியபோதே எழுத்து தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

அருவிப் பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அருவிகளின் பெயர்க்காரணங்களுள் மக்கள் வாய்மொழியாகக் கூறுபவற்றையும் நூற்சான்று உடையவற்றையும் வேறுபடுத்திக் காட்ட இரு பொதுப்பெயர்கள் தேவை. 'வாய்மொழி', 'நூற்சான்று' என்று மாணவர் முன்மொழிந்துள்ளனர். இரண்டுக்கும் உரிய செய்தி ஒன்று வரின் இரு பெயர்களையும் ஒருங்கே இடலாம் என்பது ஒரு சாரார் கருத்து. மூன்றாவதாக ஒரு பெயர் வேண்டும் என்பது மறுசாரார் கருத்து. முதற்கருத்தே எமக்கு உடன்பாடு. எனினும் பட்டியலின் இருபத்தைந்தாம் வரியை இப்போதைக்கு வெற்றிடமாகவே விட்டுள்ளோம்.